தரகர் இல்லாமல் விற்ற வீடு

தரகரை அப்பா வீட்டை விட்டுக் கலைத்தது அவர் வந்த பத்தாவது நிமிடத்தில். கையில் டயறியும் கக்கத்தில் குடையுமாக எங்கள் விறாந்தையில் உட்கார்ந்த அந்த மனிதர், நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஐயா, ஒளிக்காமல் சொல்லுறன். தமிழ் ஆக்கள் வெளிநாடு போகினம் எண்டு தெரிஞ்சாலே விலை தானா விழும். அவசரத்தில விக்கிற வீடு எண்டு நாலு பேரிட்டச் சொன்னன் எண்டால் நாளைக்கே ஆள் வரும்."

அப்பா ஓய்வுபெற்ற ரயில்வே ஸ்ரேசன் மாஸ்டர். அவருக்கு முன்னால் அவசரம் என்ற சொல்லைச் சொல்லவே கூடாது.

"என்ர வீட்டுக்கு அவசரம் எண்டு சொல்ல நீர் ஆர்? எழும்பும். குடையை மறக்காமல் கொண்டு போம்."

உண்மையில் அவசரம் எங்களுக்குத்தான் இருந்தது. கனடாவில் இருந்த அண்ணா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, விசாவும் குத்தியாகிவிட்டது. நாலு மாதத்துக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். அம்மா காலமாகி ஆறு வருடம். எங்களுக்குப் பிறகு வீட்டைப் பார்க்க ஆளில்லை. எங்களுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தை அற்றோணித் தத்துவமாக எழுதி யாரிடமாவது விட்டுவிட்டுப் போவது என்றால் அப்பா அதற்கும் மாட்டேன் என்றார். "நானே விப்பன். நானே கையெழுத்து வைப்பன்."

அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. கலியாணம் ஆகவில்லை. ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக் வேலை. என்னிடம் இரண்டு குணம்: கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அந்த மூக்கை அடுத்தவர் விஷயத்துக்குள் நுழைக்காமல் இருக்கவும் தெரியாது. இந்தக் கதையில் இரண்டும் வேலை செய்தன.

கொழும்பில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது வீடு. கீழே மூன்று அறை, மேலே ஒன்று. உப்புக் காற்றில் கேற் வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். பின்னறையில் எம்பசியின் பதிலுக்காகக் காத்திருந்த வவுனியாப் புருசனும் பெஞ்சாதியும். மேலறையில் அன்ரி.

அன்ரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வீட்டு விற்பனையைச் சொல்ல முடியாது. அவருடைய ஒரே மகன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, வெளிநாடு போவதற்காக எங்கள் மேலறையில் வாடகைக்கு இருந்தவன். இருபத்திரண்டு வயது. ஒருநாள் காலையில் பாண் வாங்கக் காலி வீதிக்குப் போனான், திரும்பி வரவில்லை. ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாகப் பேக்கரியில் ஒருவர் சொன்னார். மறுநாள் கேட்டபோது, தான் ஒன்றையும் காணவில்லை என்றார். அன்ரி ஊரில் இருந்து வந்து மகனுடைய அறையிலேயே தங்கினார். இரண்டு வருடமாக ஏறாத பொலிஸ் இல்லை, போகாத ஆமிக் காம்ப் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: இங்கே இல்லை.

"அவனுக்குக் கொழும்பில தெரிஞ்ச விலாசம் இது ஒண்டுதான் பிள்ளை" என்பார். "விட்டாங்கள் எண்டால் நேரா இஞ்சதான் வருவான்."

வீட்டை விற்கப்போகிறோம் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது அன்ரி அழவில்லை. "ஓம் அண்ணை, நீங்கள் போகத்தானே வேணும்" என்றார். அவ்வளவுதான்.

அப்பா எழுதிய விளம்பரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "நேரடி விற்பனை. தரகர்கள் வரவேண்டாம். பார்வையிடும் நேரம் ஞாயிறு காலை 9.10 முதல் 11.50 வரை." ஏன் அப்பா ஒன்பது பத்து என்று கேட்டேன். ஒன்பது மணி என்று போட்டால் சனம் ஒன்பதரைக்கு வரும், ஒன்பது பத்து என்று போட்டால் பயந்து நேரத்துக்கு வரும் என்றார். விளம்பரம் வந்த தமிழ்ப் பத்திரிகையைக் கந்தோரில் வைத்து எல்லாரும் சிரித்தார்கள். "உங்கட வீடு எந்தப் பிளாற்போமில நிக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். ஆனால் முதல் ஞாயிறு ஒன்பது பத்துக்குக் கேற்றடியில் நாலு குடும்பம் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஐயோ, எத்தனை விதமான சனம்! எனக்குப் பொழுது போவதே தெரியவில்லை. எங்கள் வீட்டில்தான் நான் பிறந்தேன், ஆனால் வந்தவர்கள் பார்த்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருவர் உள்ளங்கையால் சுவரைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போனார், வாய் திறக்கவேயில்லை. ஒரு அம்மா குசினிக்குள் நுழைந்து, அடுப்புக்கு முன்னால் நின்று எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று பார்த்துவிட்டு, மிச்ச வீட்டைப் பார்க்காமலே போய்விட்டார். புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்குள் வரவேயில்லை. கேற்றடியில் அரைமணி நேரம் நின்று, ஒழுங்கையால் போகும் வாகனங்களைப் பார்த்தார். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வீடு தேடிய தாய் தகப்பன் மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் குளியலறைப் பைப்பைத் திறந்து, தண்ணீரைக் கையில் ஏந்தி நக்கிப் பார்த்தார். உப்பாம். நாங்கள் முப்பத்தைந்து வருடமாகக் குடிக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியாது!

முழு வீட்டையும் பார்த்தவர்கள் கடைசியாக மேலறையைப் பார்க்கப் போவார்கள். போகும்போது சிரித்துக் கதைத்துக்கொண்டு படி ஏறுவார்கள். இறங்கும்போது ஒருவரை ஒருவர் பார்க்காமல் இறங்குவார்கள். "யோசிச்சுச் சொல்லுறம் ஐயா" என்பார்கள். அதோடு சரி. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. சீதனக்காரர் நல்ல விலையும் சொல்லிவிட்டு, மேலே போய் வந்தபிறகு செருப்பைத் தேடுவதிலேயே குறியாக நின்றார்கள்.

மேலே என்னதான் நடக்கிறது? எனக்கு நித்திரை வரவில்லை. முகட்டில் ஒழுக்கு ஒன்று உண்டு, அதுவா? கடல் தெரியும் என்று நினைத்துப் போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கிறார்களா? நாலாம் ஞாயிறு சும்மா விடுவேனா? ஒரு இளம் புருசனும் பெஞ்சாதியும் படி ஏறியதும், துடைப்பக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, படி கூட்டுகிற மாதிரி பாதிப் படியில் போய் நின்றேன்.

அன்ரி அவர்களை இருத்தி வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது.

"உங்களுக்கு வீடு பிடிச்சிருக்கே? சந்தோசம். ஒண்டு மட்டும் கேக்கவேணும். என்ர மகன் வந்து கேற்றைத் தட்டினா என்ன சொல்லுவியள்?"

எந்த மகன் என்று அவர்கள் கேட்டார்கள். அன்ரி சொன்னார். பாண் வாங்கப் போனதில் இருந்து எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கை தன் கைப்பையை இறுக்கிப் பிடித்ததைக் கதவிடுக்கால் கண்டேன். ஆள் காணாமல் போன வீடு, பொலிஸ் கண் பட்ட வீடு. கொழும்பில் எந்தத் தமிழன் துணிந்து வாங்குவான்?

அவர்கள் போனதும் கோபம் தலைக்கேறி மேலே போனேன்.

"அன்ரி, வாற ஆக்களையெல்லாம் நீங்கள்தான் கலைக்கிறீங்களே?"

"நான் ஆரைக் கலைச்சனான் பிள்ளை? ஒரு கேள்விதான் கேட்டனான். இதுவரைக்கும் ஒருத்தரும் ஒழுங்கா மறுமொழி சொல்லேல்லை." அவர் என்னை நேராகப் பார்த்தார். "அவன் வருவான். நீங்கள் இருக்கமாட்டியள். கதவு திறக்கிற ஆள் 'இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்லை' எண்டு சொல்லிச் சாத்தினா, அவன் எங்க போவான்?"

கீழே வந்து அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அப்பா பத்திரிகையில் இருந்து தலையை எடுக்காமல், "அவவைக் கேக்கவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. வேணுமெண்டால் நீ போய்ச் சொல்லு" என்றார். எனக்கும் வரவில்லை. நாட்கள் ஓடின. விசாவில் இரண்டு மாதம்தான் மிச்சம்.

அப்போதுதான் எனக்கொரு யோசனை தோன்றியது. சிங்களப் பத்திரிகையில் விளம்பரம் போடுவோம். அன்ரிக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. கேள்வி கேட்க முடியாதே! பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த இடத்தில் பொலிஸ் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் இருக்கும் வீடு என்றால், வீட்டில் இருக்கிற எல்லாருடைய பெயரையும் ஒரு படிவத்தில் எழுதிப் பொலிசில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும். எங்கள் பிரதி பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. யாராவது சிங்களத்தில் கூப்பிட்டுக் கேற்றைத் தட்டினால், கால் வாசலுக்குப் போகும்போதே கை பிரிட்ஜுக்கு மேலே போகும். படிவத்தைக் கொடுத்து, எல்லாரும் அடையாள அட்டையோடு ஹோலில் வரிசையாக நிற்போம். வருகிறவர் பெயரை மனதுக்குள் வாசிப்பார், முகத்தைப் பார்ப்பார், போவார். பல்லுத் தீட்டுவது மாதிரிப் பழகிப்போன விஷயம்.

படிவத்தை எழுதுவது நான். அன்ரியின் மகன் காணாமல் போய் ஒரு வருடத்தின் பின் புதுப்பிக்கப் போனபோது, "இல்லாத ஆளின் பெயர் ஏன் இருக்கிறது? சோதனைக்கு வந்து ஆளைக் கேட்டால் நீங்கள் பதில் சொல்வீர்களா?" என்று பொலிசில் கேட்டார்கள். பயந்துபோனேன். அந்த இடத்திலேயே வேறு படிவம் எழுதினேன், அவன் பெயர் இல்லாமல். வீட்டுக்கு வந்ததும் அன்ரி கேட்டார், "தம்பியின்ர பேர் இருக்குத்தானே பிள்ளை?" "ஓம் அன்ரி, இருக்கு" என்றேன். சிங்களத்தில் எழுதிய தாளை அவர் எப்படி வாசிப்பார்? அவர் அதைக் கையில் வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

சிங்கள விளம்பரம் வந்த ஞாயிறு எட்டரை மணி. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். கேற்றைத் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய தலைமயிர், அரைக்கை வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பைல்கட்டு. "மிஸ், கொஞ்சம் உள்ளே வரலாமா?" என்று சிங்களத்தில் கேட்டார். விளம்பரம், வீடு விற்பனை எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோனது. கை பிரிட்ஜுக்கு மேலே போனது. "சீ.ஐ.டி. வந்திருக்கு, ஐடென்ரிற்றியோட வாங்கோ!" என்று உள்ளே கத்தினேன். பின்னறைப் புருசனும் பெஞ்சாதியும் ஓடிவந்தார்கள். அன்ரி மேலிருந்து இறங்கி வந்தார். அப்பா தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் துவாயோடு வந்து நின்றார். நான் படிவத்தை அந்த மனிதரிடம் நீட்டினேன்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவத்தைத் தெளிவாகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் கையைத் தூக்கினோம். ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். சிரிக்கிற சீ.ஐ.டி.யை நான் அதுவரை கண்டதில்லை. அப்பா, நான், பின்னறையார் இருவர், அன்ரி. ஐந்து பெயர். வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

அன்ரி தூக்கிய கையை இறக்கவில்லை. ஆறாவது பெயருக்காகக் காத்து நின்றார்.

"பிள்ளை, தம்பியின்ர பேரை வாசிக்கேல்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன். அன்ரி என்னையே பார்த்தார். படியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் போனார். என் வாழ்க்கையில் அதைப்போல் நான் வெட்கப்பட்டதில்லை.

அந்த மனிதர் பைலைத் திறந்து எங்கள் விளம்பரத் துண்டை எடுத்தார். வீடு பார்க்கத்தான் வந்தாராம். பஸ் கெதியாக வந்துவிட்டதால் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாராம், மன்னிக்க வேண்டுமாம். வீடு விற்கும்போது குடும்பத்தை இப்படி ஒவ்வொருவராக அறிமுகம் செய்வது தமிழ் ஆட்களின் வழக்கம் என்று நினைத்தாராம். அச்சுக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் புரூவ் பார்த்தவர், எதையும் சத்தமாக வாசிக்காவிட்டால் கண்ணில் ஏறாதாம். அப்பா துவாயோடு நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டைக் காட்டினேன். பின்னேரம் வெயில் எந்த யன்னலால் வரும் என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்த அம்மா ஏன் அப்படிப் போனார்?" என்றார். யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு சிங்கள மனிதரிடம், குசினி வாசலில் நின்று சொன்னேன். நான் பெயரை வெட்டியதையும் சொன்னேன்.

நாங்கள் ஹோலுக்குத் திரும்பியபோது அன்ரி இறங்கி வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. அந்த மனிதர் வீடு பார்க்க வந்தவர் என்று இதற்குள் அப்பா அவருக்குச் சொல்லியிருந்தார்.

"இவரிட்டக் கேள்" என்றார் என்னிடம். "உனக்குத் தெரியுந்தானே என்ன கேக்கவேணும் எண்டு."

கேட்டேன். மகன் வந்து கேற்றைத் தட்டினால் என்ன சொல்வீர்கள்? இந்தக் கேள்விக்குப் பயந்துதானே சிங்களப் பத்திரிகைக்குப் போனேன், கடைசியில் அதை என் வாயாலேயே கேட்க வேண்டி வந்தது.

அவர் அன்ரியின் பக்கம் திரும்பினார். "படம் இருக்கிறதா?" என்றார். அன்ரி இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். வெகுநேரம் பார்த்தார். "சிங்களம் தெரியுமா அவருக்கு?" கொஞ்சம், கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு என்றேன். "அப்படியென்றால் நான் தமிழில் சொல்வதுதான் நல்லது. என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லட்டும். சிங்கள எழுத்தில் அப்படியே எழுதிக்கொள்கிறேன்." பேனாவை எடுத்தார்.

நான் அதைத் தமிழில் சொன்னதைக் கேட்டு அன்ரியின் முகம் மாறியது. நிமிர்ந்து நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"தம்பி, உள்ளுக்கு வா. பயப்படாத. அம்மா..."

அங்கே நின்றுவிட்டார். பேனா காத்திருந்தது. அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க எண்டு சொல்லுறது பிள்ளை? நான் எங்க இருப்பன்?"

இரண்டு மாதமாக வீட்டை விற்கிறோம், விற்கிறோம் என்று ஓடித் திரிந்தோமே, நீங்கள் எங்கே போவீர்கள் என்று ஒருநாள் கேட்டோமா? கொழும்பிலேயே ஜிந்துப்பிட்டியில் தூரத்துச் சொந்தம் ஒன்று, ஒரே அறைக்குள் ஆறு பேர். அதுதான் அவருக்கு இருந்த இடம். அவர்களும் வா என்று இன்னும் சொல்லவில்லை.

அந்த மனிதர் பாதி எழுதிய தாளைப் பைலுக்குள் வைத்தார். அடுத்த ஞாயிறு மனைவியைக் கூட்டிவருவதாகச் சொல்லிப் போனார். இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

வந்தார்கள். மனைவி, அந்த நோனா, கீழ் வீட்டைப் பார்க்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நேரே மேலே ஏறிப் போனார். மொழி தெரியாத இரண்டு பேர், அரைமணி நேரம். என்ன கதைக்கிறார்கள்? நான் என்ன திருந்திய ஆளா, மறுபடி பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அன்ரி கிழமைக்கு ஒருமுறை மகனின் சட்டைகளைத் தோய்த்து மடித்து வைப்பவர். நோனா ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் பொத்தான் விட்டுப்போன இடத்தைக் காட்டினார். அன்ரி ஊசியில் நூல் கோத்தார்.

இறங்கி வந்த நோனா, "எனக்கு இந்தப் படி ஏறி இறங்க முடியாது. மேலறை எங்களுக்கு எதற்கு? அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்பா உள்ளே போய் வீட்டு உறுதிப் பத்திரங்களை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஒரு ஆளை உள்ளே வைத்துக்கொண்டு வீடு விற்பது எந்த ஊர் வழக்கம் என்று உறுதி எழுதிய நொத்தாரிசு எரிந்து விழுந்தார். கடைசியில் அறையை அன்ரிக்கு வாடகைக்கு விடுவதாகத் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். வாழ்நாளில் பொலிஸ் பதிவு எழுதியிராத அந்தச் சிங்கள மனிதருக்கு அன்ரியின் பெயரை எப்படிப் பதிவது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

நான் வெட்டிய பெயரைப் பற்றி அன்ரி அதுவரை என்னோடு கதைக்கவில்லை. புறப்படும் நாள் காலையில் வந்து என் கையைப் பிடித்தார். "பயத்தில செய்தனீ, எனக்கு விளங்குது. ஆனா எனக்குச் சொல்லியிருக்கலாம் பிள்ளை." நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். எயார்போட்டுக்குப் பிந்துகிறது என்று அப்பா வானுக்குள் இருந்து கத்திக்கொண்டிருந்தார்.

கனடாவில் இறங்கிய கிழமையே ரெலிபோன் கார்ட் வாங்கி எங்கள் பழைய நம்பருக்கு எடுத்தேன். அங்கே விடிகிற நேரம். யார் எடுப்பார்கள், சிங்களத்தில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை, எடுத்தாகிவிட்டது.

"தம்பி?"

"இல்லை அன்ரி. நான்."

"ஓ, பிள்ளையே? சுகமாப் போய்ச் சேர்ந்தியளே? அப்பா சாப்பிடுறாரே? அங்க குளிரே?" என்று எல்லாம் கேட்டார். நானும் எல்லாம் சொன்னேன்.

அடுத்த மாதம் எடுத்தேன். முதல் மணியிலேயே, "தம்பி?"

மூன்றாம் முறை நம்பரை முழுவதும் அழுத்திவிட்டு, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அன்ரிக்கு நான் கடிதம்தான் எழுதினேன்.